முந்நூற்றுப் பதினோராம் அழைப்பிதழ்

"அவையோர் இனி வினா எழுப்பலாம்" என்று சொல்லிவிட்டு என் நெறியாளர் பேராசிரியர் குற்றாலிங்கம் அமர்ந்தார். கருத்தரங்கக் கூடத்தில் மின்விசிறிகளின் ஓசை மட்டும் எஞ்சியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் ஹெட்போன் மாட்டியிருந்த காதுகள் என்னுடையவை. மௌனத்தில் வகைகள் உண்டென்பதை அவை அறியும். இணைப்புக் கிடைத்த பின்னரும் எதிர்முனையில் இருப்பவர் பேசத் தயங்கும் மௌனம் ஒன்று. இணைப்பே கிடைக்காத வெறும் மௌனம் மற்றொன்று. இது முதல் வகை. எதிரே அமர்ந்திருக்கும் முப்பது பேரில் மூவர் பேசப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தவளே நான்தான். எங்கள் துறையில் அது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவருடைய வாய்மொழித் தேர்வில் அவையிலிருந்து ஒரு வினாகூட எழவில்லையாம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இந்த ஆய்வில் இங்கே எவருக்கும் அக்கறை இல்லை போலும் என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டாராம். அன்று முதல், முனைவர் பட்டத் தேர்வுக்கு நிற்பவர் மிக்சருக்கும் ஜாங்கிரிக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பதைப் போல, நண்பர்கள் மூவரிடம் மூன்று சீட்டுகளில் மூன்று வினாக்களையும் எழுதிக் கொடுத்துவிடுவார். தேர்வாளர்களுக்கும் இது தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் சீட்டு எழுதியவர்களே. நானும் திங்கட்கிழமை எழுதினேன். எளியதை இசக்கிராஜாவுக்கும், சற்றே கடினமானதை ரமீஜாவுக்கும், எனக்குப் பெருமை சேர்க்கக் கூடியதைப் பெனிட்டாவுக்கும் கொடுத்தேன். அந்தச் சீட்டு இப்போது மூன்றாம் வரிசையில், நீலத் துப்பட்டாவின் நுனியோடு சேர்ந்து, பெனிட்டாவின் கைக்குள் இருக்கிறது. அவள் அதைக் கேட்டுவிடக் கூடாது. கடவுளே, அவள் அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது.

என் ஆய்வு திருமண அழைப்பிதழ்களைப் பற்றியது. 1951 முதல் 2000 வரை தென்மாவட்டங்களில் அச்சான ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு அழைப்பிதழ்களை டிரங்குப் பெட்டிகளிலிருந்தும் மூடிவிட்ட அச்சகங்களிலிருந்தும் திரட்டி, அவற்றில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று பார்த்தேன். நான்காம் இயலின் மூன்றாம் அட்டவணை, அழைப்பவர் வரிசையில் தாயின் பெயர் எப்போது ஏறியது என்பதைச் சொல்வது. எழுபதுகளின் இறுதியில்தான் அது பெருவழக்காயிற்று என்று பொதுவாக நம்பப்பட்டு வந்த நிலையில், அறுபதுகளிலேயே நூற்றுக்கு ஐம்பத்தைந்து அழைப்பிதழ்களில் தாயின் பெயர் இருந்தது என்று நான் காட்டினேன். தேர்வாளர்கள் இருவரும் தத்தம் அறிக்கையில் பாராட்டிய இடம் அது. இன்று காலை ஏழு மணிக்கு வீட்டில், காட்சி மேசையில் வைப்பதற்காகப் பத்து அழைப்பிதழ்களை எடுக்கலாமென்று உறைகளைப் பிரித்தேன். முதலில் எடுத்தது முந்நூற்றுப் பதினொன்று. என் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது. 1964 ஆவணி. கணவரை இழந்த மாடத்தியம்மாள் என்பவர், மைத்துனர் பெயருக்குப் பின்னாலோ தமையன் பெயருக்குப் பின்னாலோ ஒதுங்கி நிற்காமல், தம் பெயரை மட்டும் இட்டு மகள் பூரணத்தின் திருமணத்திற்கு ஊரை அழைக்கிறார். அதை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த உறையைத் துழாவினேன். எழுநூற்று இரண்டு கையில் வந்தது. 1964 ஆவணி. மாடத்தியம்மாள். பூரணம். கண்டதும் என் மனம் மகிழ்ந்தது என்பதுதான் வேடிக்கை, தெரிந்த முகத்தைக் கடைத்தெருவில் கண்டாற்போல. பிறகுதான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தென்காசிப் பக்கத்து அச்சகம் ஒன்று தான் அடித்த அழைப்பிதழ்கள் சிலவற்றில் இரண்டிரண்டு படிகளை வைத்திருந்தது. வருபவர்களுக்குக் காட்ட ஆல்பத்தில் ஒட்டியது ஒன்று, ஆர்டர் தாளோடு கம்பியில் குத்தியது மற்றொன்று. ஆல்பத்தை உரிமையாளரின் மகள் எனக்கு முதலாண்டில் கொடுத்தார். கம்பியில் இருந்த தாள்கட்டை, அங்கே அச்சுக் கோத்தவர் மூன்றாம் ஆண்டில் கொடுத்தார். ஒன்றில் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. மற்றொன்றில் நடுவே துளை இருந்தது. நான் இரண்டையும் எண்ணிட்டு, இரண்டையும் கணக்கில் சேர்த்து, இரண்டையும் நேசித்திருக்கிறேன். அறுபதுகளில் அச்சாகி ஆல்பத்தில் இருந்த அறுபத்து நான்கும் அந்தத் தாள்கட்டிலும் இருந்தன. அந்த உரிமையாளரோ தாயின் பெயர் இல்லாத அழைப்பிதழை ஆல்பத்தில் ஒட்டியதே இல்லை. அவற்றைக் கழித்தால் ஐம்பத்தைந்து முப்பத்தெட்டாகிறது. பாதிக்கு மேல் என்ற என் முடிவு நிற்காது. அதைத்தான், அந்த அட்டவணையைத்தான் விளக்கச் சொல்லிப் பெனிட்டா கேட்கப் போகிறாள்.

சொல்லிவிட முயன்றேனா? முயன்றேன். எட்டு மணிக்கு அழைத்தேன். பல்கலைக்கழகப் பேருந்தின் இரைச்சலுக்குள் "அக்கா, ஜாங்கிரி வாங்கியாச்சு, கவலப்படாதீங்க" என்ற குரல் மட்டும் வந்து அறுந்தது. ஒன்பதரைக்கு இந்தக் கூடத்தின் வாசலில் அவளைப் பிடித்தேன். கையில் தேநீர்க் கோப்பைகளின் அடுக்கோடு நின்றாள். அந்தச் சீட்டு, என்று தொடங்கினேன். "மனப்பாடம்க்கா. கமா விடாமச் சொல்லுவேன். நீங்க மொதல்ல தண்ணியக் குடிங்க, ஒதடு காஞ்சிருக்கு" என்று சொல்லி, என் தோளில் சேலை மடிப்பை ஒரு கையால் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். அறுபது வயதில் ஓடுவதற்கு முழங்கால் விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நெறியாளரோடு தனியே நின்ற அரை நிமிடத்திற்கு என்ன விளக்கம் சொல்வது? அப்போது என் வாய் புரொஜெக்டரின் வயர் சற்றுத் தளர்வாக இருக்கிறது என்று சொன்னது. வயர் உண்மையிலேயே தளர்வாகத்தான் இருந்தது. இதோ இசக்கிராஜா எழுகிறான்.

பல்கலைக்கழகக் கபடி அணியில் இடப்பக்க மூலையில் நிற்பவன். மண்டல அளவிலான போட்டியில் எதிரணியின் ஆறடி ஆளைக் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்தவன். அதே உடம்பு இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறது. "ஆய்வாளர் அவர்கள் இத்தலைப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கான காரணத்தை எடுத்தியம்புமாறு" என்று தொடங்கி, அங்கே நின்று, சீட்டைப் பார்த்து, "பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தான். எடுத்தியம்புமாறு என்று நான் எழுதவில்லை. அது அவனுடைய சொந்தச் சேர்க்கை. பின்வரிசையில் எவரோ சிரித்தார்கள். நான் விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் குரல் எனக்கே கேட்கிறது. ஒருவர் தம் வீட்டிற்கு வருமாறு மற்றவரை அழைக்கும் சொற்களில் ஒரு சமூகம் தன்னை எவ்வாறு வரிசைப்படுத்திக்கொள்கிறது என்றெல்லாம் அது சொல்லுகிறது. குரல் ஒரு பக்கம் போகட்டும். இருபத்தோராம் வயதில் எம்.ஏ. படிக்க இதே வளாகத்திற்குள் வந்திருக்க வேண்டியவள் நான். வேலை உத்தரவு முதலில் வந்துவிட்டது. அதன்பின் நாள்தோறும் காலை எட்டே முக்காலுக்கு நிலையத்தின் சன்னல் வழியே பல்கலைக்கழகப் பேருந்து போவதைப் பார்ப்பேன். மாணவர்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமை இருந்ததில்லை, விழுந்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் இருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு, அஞ்சல்வழியில் முடித்த எம்.ஏ. சான்றிதழோடு அந்தப் பேருந்தில் ஏறினேன். முதல் நாள் ஓட்டுநர் என்னைப் பேராசிரியர் என்று எண்ணி முன்னிருக்கையைக் காட்டினார். இரண்டாம் நாள் பெனிட்டா, "அவுங்க நம்ம ஆளு அண்ணே, பின்னாடி வரட்டும்" என்று கூவி என்னைக் கடைசி இருக்கைக்கு அழைத்துக்கொண்டாள்.

நம்ம ஆள். ஆய்வு மாணவர் அறையில் சன்னலோர மேசையை எனக்கென்று ஒதுக்கியவர்கள் இவர்கள். கணினியில் தமிழ் அடிக்கக் கற்றுத்தரும்போது ரமீஜா என் விரலைப் பிடித்து விசையின்மேல் வைத்து, "பயப்படாதீங்கக்கா, இது கரண்டு அடிக்காது" என்றாள்; சுவிட்ச் போர்டின் முன்னால் முப்பத்து நான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்தவளிடம். துறை விளையாட்டு விழாவில், எனக்குக் கணீரென்ற குரல் இருக்கிறது என்பதற்காகக் கபடிக்கு நேர்முக வருணனை சொல்ல என்னை மைக்கின் முன் நிறுத்தினார்கள். பாடிப் போகிறவனை நான் "அழைப்பாளர்" என்றும் பிடிக்கிறவனை "பெறுநர்" என்றும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட, இன்றும் இசக்கிராஜாவுக்குத் துறையில் பெறுநர் என்றே பெயர். ரமீஜாவுக்கு ஆய்வு உதவித்தொகைத் தேர்வின் முடிவு வந்த அன்று அவள் அழுத அழுகையில், தோற்றுவிட்டாள் என்று நினைத்து அறை முழுவதும் அவளைத் தேற்றியது; பத்து நிமிடம் கழித்துத்தான் தேறியிருக்கிறாள் என்று தெரிந்தது. கருத்தரங்கில் சிறந்த கட்டுரைக்குப் பெற்ற கேடயத்தைப் பெனிட்டா விடுதிக்குக் கொண்டு போகாமல் என் மேசையில் வைத்தாள். அது அங்கே என் பேனாக்களுக்குச் சாய்மானமாக இருக்கிறது. இவர்கள் முன்னாலா? இவர்கள் முன்னால் என் அட்டவணை தவறு என்று நான் சொல்லப் போகிறேனா? சொல்லாமலிருந்தால் என்ன கெட்டுவிடும்? அறிக்கைகள் வந்துவிட்டன. நூலாக அச்சிடும்போது திருத்திக்கொள்ளலாம். ஓர் அடிக்குறிப்புப் போதும். யார் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

எவருமில்லை. அன்றும் எவரும் பார்க்கவில்லை. எண்பத்தொன்பதில், மழைக்கால மாலையொன்றில், சிவகாசிக்குப் போக வேண்டிய வெளியூர் டிரங்க் அழைப்பை நான் சாத்தூரில் ஏதோ ஒரு வீட்டில் இணைத்துவிட்டேன். ஒரு மரணச் செய்தியை அந்த வீட்டார் தம்முடையதென்று எண்ணி அரை நிமிடம் கதறினார்கள். கம்பியைச் செருகியது என் கை. விசாரணையில் அது உடன் வேலை பார்த்த கிரேஸின் சுவிட்ச் பலகை என்று எழுதப்பட்டது. ஷிப்ட் மாறும் நேரம், இருவரும் அருகருகே நின்றிருந்தோம். கிரேஸுக்கு மெமோ வந்தது. அவள் எனக்கு மதிய உணவில் மீன் வைத்துக் கொடுப்பவள். என் தங்கை திருமணத்திற்கு வந்து நாள் முழுவதும் பந்தியில் நின்றவள். நான் சொல்லவில்லை. அவள் ஓய்வு பெற்று மகனோடு ஓசூருக்குப் போகும்வரை, இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, தள்ளுவதே ஒரு வேலையாகி, அந்த வேலையிலும் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டாகிவிட்டது. ரமீஜா ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் சீட்டு. மங்கல வழக்குகள் பற்றியது. அவள் சீட்டைப் பார்க்காமல், தன் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழையே எடுத்துக்காட்டிக் கேட்கிறாள். நான் எழுதிக் கொடுத்ததைக் காட்டிலும் நன்றாகக் கேட்கிறாள். புறத்தேர்வாளர் அங்கயற்கண்ணி அம்மையார் மதுரையிலிருந்து வந்திருப்பவர். கண்ணாடியை இறக்கி ரமீஜாவைப் பார்த்துத் தலையசைக்கிறார். நான் விடை சொல்கிறேன். விடை சொல்லும்போதே என் கண் மூன்றாம் வரிசைக்குப் போகிறது. மூன்றாம் சீட்டிற்கு நான் எழுதி வைத்த விடை நான்கு வாக்கியங்கள். நான்கும் ஒழுங்கானவை, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதல் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால் நான்காவது தானாக வந்து நிற்கும்.

பெனிட்டா எழுந்தாள். சீட்டைப் பிரித்தாள். என்னைப் பார்த்தாள். எத்தனை விநாடி என்று தெரியவில்லை. என் முகம் எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்வை என் முகத்திலிருந்து, மேசையின் விளிம்பைப் பற்றியிருந்த என் கைக்கு இறங்கியது. பிறகு காட்சி மேசையில் இருந்த அழைப்பிதழ்களுக்குச் சென்றது. சீட்டை மடித்தாள். ஒருமுறை, இன்னொருமுறை, நகத்தளவாகும் வரை மடித்தாள். "என் கேள்வி ரொம்பச் சின்னது" என்றாள். "ஆயிரத்துச் சொச்சம் அழைப்பிதழ் பாத்திருக்கீங்க. அதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" கூடம் சிரித்தது. பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் கேட்கிற கேள்வி அல்லவா இது? நெறியாளர் புருவத்தை உயர்த்தினார். பெனிட்டாவோ சிரிக்காமல் நின்றாள், கேலியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு. என்னை விட்டுவிட்டாள் என்று புரிந்தது. என்ன காரணம் என்று அறியாமலே, ஏதோ ஓர் ஆபத்து என்று மட்டும் அறிந்து, பேருந்தில் இடம் பிடித்துத் தந்ததுபோல் எனக்கு வெளியே போக ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. ஒரு பெயர் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். மாடத்தியம்மாளைச் சொல்லலாம், கூடம் உருகும், அம்மையார் புன்னகைப்பார், நன்றியுரை, பொன்னாடை.

"முந்நூற்றுப் பதினொன்று" என்றேன். அந்த அழைப்பிதழைக் கையில் எடுத்து உயர்த்திக் காட்டினேன். மாடத்தியம்மாளைப் பற்றிச் சொன்னேன்; கூடம் எதிர்பார்த்தபடியே அமைதியாயிற்று. நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவும் நினைத்தேன். ஆனால் இன்னொரு கை, கைப்பைக்குள் இருந்த எழுநூற்று இரண்டை எடுத்துவிட்டிருந்தது. "இதுவும் அதுதான்" என்ற குரல் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். "ஒரே அழைப்பிதழின் இரண்டு படிகள். நான் இரண்டு என்று எண்ணிவிட்டேன். இதைப்போல் அறுபத்து நான்கு இருக்கின்றன. இன்று காலையில்தான் கண்டேன். நான்காம் இயலின் மூன்றாம் அட்டவணை தவறு. ஐம்பத்தைந்து அல்ல, முப்பத்தெட்டு." சொன்னபின் கூடத்தில் எழுந்தது நான் அறியாத ஒரு மௌனம், காது அதை எந்த வகையில் சேர்ப்பதென்று தேடிக்கொண்டே இருந்தது. அங்கயற்கண்ணி அம்மையார் எழுந்து வந்து இரண்டு அழைப்பிதழ்களையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வரிக்கு வரி பொருந்தின. அச்சக வழக்கத்தைக் கேட்டார், சொன்னேன். ஆல்பத்தில் எவை ஒட்டப்பட்டன என்று கேட்டார், அதையும் சொன்னேன். முடிவுரை என்ன ஆகும் என்று கேட்டார். இரண்டாம் பத்தி விழுந்துவிடும், ஏனையவை நிற்கும் என்றேன். அவர் நெறியாளரோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு அவையை நோக்கி, "இன்று பரிந்துரைக்க இயலாது. திருத்திய இயலை மூன்று மாதத்திற்குள் ஒப்படைக்க வேண்டும். மீண்டும் வாய்மொழித் தேர்வு நடக்கும். நானே வருவேன்" என்றார். எழுநூற்று இரண்டை என்னிடம் கொடுத்தார்; முந்நூற்றுப் பதினொன்றை இன்னும் சற்று நேரம் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

எவரும் கைதட்டவில்லை. இத்தகைய நேரத்தில் என்ன செய்வதென்று துறையில் வழக்கம் ஏற்படவில்லை. நெறியாளர் என் அருகில் வந்து, "காலையிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். சொல்லியிருக்கலாம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என் பொருட்டு ஐந்தாண்டுகள் எத்தனை படிவங்களில் கையொப்பமிட்டவர். அவருடைய முகத்தில் இருந்த வாட்டத்தை நான்தான் அங்கே வைத்தேன். புரொஜெக்டர் வயரைப் பற்றிச் சொன்னேனே என்று நினைத்தேன்; அதைச் சொல்லவில்லை. அவர் சற்று நின்று, "மூன்று மாதம் வேண்டியதில்லை, நாற்பது நாளில் முடித்துவிடலாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அம்மையாரைக் காருக்கு அழைத்துச் சென்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வாங்கி வைத்த ஜாங்கிரியை என்ன செய்வது என்று ரமீஜா கேட்க, "ஜாங்கிரி என்ன தப்பு பண்ணுச்சு?" என்று பெறுநர் முதல் பொட்டலத்தைப் பிரித்தான். அதன்பின் கூடம் மெல்ல மெல்லக் கூடமாயிற்று. மிக்சர் கைமாறியது. வராந்தாவில் இவர்கள் முன்கூட்டியே கட்டியிருந்த பேனரில் 'முனைவர் உலகம்மாள் அவர்களுக்கு வாழ்த்துகள்' என்று இருந்ததை அப்போதுதான் கண்டேன். இசக்கிராஜா நாற்காலியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். கிழியாமல், மடிப்பு விழாமல் சுருட்டுமாறு கீழிருந்து ரமீஜா அதட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வராந்தாப் படியில் அமர்ந்தேன். செருப்பைக் கழற்றிக் காலைச் சிமென்ட் தரையில் வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. பட்டமளிப்பு விழா அரங்கத்தின் பக்கம் இளங்கலை மாணவர்கள் எவரையோ தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்தப் போட்டியில் வென்றானோ, தெரியவில்லை. தூக்கப்பட்டவன், இறக்கிவிடுமாறு கெஞ்சிக்கொண்டிருந்தான். பெனிட்டா ஜாங்கிரித் தட்டோடு வந்து என் அருகில் அமர்ந்தாள். கோபமோ என்று பார்த்தேன், கண்ணோரம் சிவந்திருந்தது.

"நான்தான் கேக்காம விட்டேன்லக்கா" என்றாள். "மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுது, ஏதோ சரியில்லன்னு. அப்பாடான்னு உக்காந்திருக்கலாம்லா. பெறகு எதுக்குச் சொன்னீங்க?"

என்னிடம் பல விடைகள் இருந்தன. அவற்றுள் சில மேடைக்கும் தகுதியானவை. அவற்றை எல்லாம் கடந்து, அந்த மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்ற நேரத்திற்கு மீண்டும் போய்ப் பார்த்தேன். நான்கு வாக்கியங்கள் அங்கே வரிசையாக, ஆயத்தமாக நின்றுகொண்டிருந்தன.

"நீ கேக்கலைல்லா, அதனாலதான்" என்றேன். "கேட்டிருந்தா, மனப்பாடம் பண்ணி வச்சத அப்படியே சொல்லியிருப்பேன் பெனிட்டா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த ஜாங்கிரியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என் கையில் வைத்தாள்.